உறங்கும் தசை

இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ 1,00,000 முறை துடிக்கின்றது. இவ்வாறு ஓயாது உழைக்கும் தசை, தன் அறைகளுள் நிறைந்திருக்கும் குருதியிலிருந்து பெரும்பாலும் நேரே உணவு பெறுவதில்லை. பெருந்தமனி தொடங்கும் இடத்திலேயே இரண்டு சிறு குழாய்கள் கிளைத்து, இதயத்தின் மேல் முடி சூட்டினாற்போலச் சூழ்ந்து, அதற்கு உணவும் பிராணவாயுவும் ஊட்டுகின்றன.

இக்குழாய்களின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகுமாயின், அவற்றை நம்பியிருக்கும் தசை வாடும். குழாய் திடீரென முற்றும் அடைபட்டால் சில மணி நேரத்துள் தசை மடிந்துபோம். மடிந்த இடத்தில் உண்டாகும் தழும்பு சுருங்குவதில்லை, மீண்டும் தசையாவதுமில்லை.

ஆயினும், அசையாத தசை யாவும் மடிந்த தசை அன்று. குருதிக்கு மாற்றுவழி அமைக்கும் பைபாஸ் அறுவைக்குப்பின், அதுவரை அசைவற்றுக் கிடந்த சுவர்ப்பகுதிகள் சிலருக்கு மீண்டும் துடிக்கக் கண்டனர் மருத்துவர். பம்பாயிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய ஷாபுதீன் ரகிம்தூலா என்னும் இதய மருத்துவர், 1980களில் இதற்கு விளக்கம் தந்தார். வரும் உணவு குறைந்தபொழுது, தசை தன் வேலையைக் குறைத்துக்கொண்டு உயிரை மட்டும் காத்துக் கிடக்கின்றது என்றார். குளிர்நாட்டு விலங்குகளின் குளிர்கால உறக்கத்தின் பெயராலேயே இந்நிலை அழைக்கப்படுகின்றது. கோடையில் காந்தட்கொடி காய்ந்து மறைந்தாலும் மண்ணுள் அதன் கிழங்கு உயிரோடிருப்பதை இதற்கு ஒப்பிடலாம்.

உறங்கும் தசையும் மடிந்த தசையும் வெறுமனே பார்ப்பதற்கு ஒன்றுபோலவே அசைவற்றிருக்கும். வலுவிழந்த இதயத்தில் அறுவை செய்வதோ ஆபத்து மிக்கது. தழும்பிற்குக் குருதி பாய்ச்ச அவ்வாபத்தை மேற்கொள்வதிற் பயன் யாது?

ஆகவே, தசையைச் சோதித்தறியப் பல வழிகள் எழுந்தன. அவற்றுள் ஒன்று தட்டியெழுப்பிப் பார்ப்பது. டோபுடமின் என்னும் மருந்தைச் சிறிதளவு குருதியிற் செலுத்தி, செவிக்கெட்டா ஒலியலைகளால் இதயத்தைப் படமெடுப்பர். உறங்கும் தசை மெல்லச் சுருங்கத் தொடங்கும், தழும்பு அசையாது. மருந்தை மேலும் மிகுத்தாலோ, விழித்த தசையே மீண்டும் சோர்ந்துவிடும். குறுகிய குழாயால் அதற்கு மேல் உணவு தர இயலாதன்றோ!

மற்றொரு வழி, தசை உண்கின்றதா என்று பார்ப்பது. நல்ல குருதி பெறும் இதயத்தசை பெரிதும் கொழுப்பையே எரித்து வாழும். அதற்குப் பிராணவாயு மிகுதியாக வேண்டும். வறுமையுற்ற தசை சர்க்கரையை நாடுகின்றது. கதிர்வீசும் புளோரின் அணுவொன்று பிணைத்த சர்க்கரையைச் செலுத்தி, அது சேரும் இடங்களைப் பெட் என்னும் கருவியாற் காண்பர். அவ்வணுக்களுட் பாதி சுமார் 110 நிமிடங்களில் அழிந்துவிடுமாதலால் விரைந்து செயற்படல் வேண்டும். குருதி குறைந்தும் சர்க்கரை சேர்ந்துள்ள இடத்தில் உயிர் உண்டு. இதைப்போன்றே தாலியம் என்னும் பொருளையும் உயிருள்ள தசையணுக்களே உள்ளிழுத்துக்கொள்ளும்.

எம்.ஆர்.ஐ. கருவியோ தழும்பையே நேராகக் காட்டுகின்றது. காடோலினியம் கலந்த மருந்து தழும்பிலே தங்கிப் படத்தில் வெண்மையாய் ஒளிரும். சுவரின் கனத்தில் பாதிக்கு மேல் வெண்மை பரவியிருப்பின், அப்பகுதி மீள்வது அரிது.

இத்துணைத் தெளிவாக உயிரைக் கண்டறிந்தபின், குழாயைத் திறந்தால் நோயாளி நெடுநாள் வாழ்வார் என்றே பலரும் நம்பினர். 2022இல் வெளிவந்த பிரிட்டானிய ஆய்வொன்று அந்நம்பிக்கையைக் குலைத்தது. உறங்கும் தசையுடைய 700 நோயாளிகளுட் பாதிப்பேருக்கு, மருந்துடன் ஸ்டென்ட் என்னும் கம்பிவலைக் குழலும் வைக்கப்பட்டது. ஏனையோர் மருந்து மட்டும் பெற்றனர். இறந்தோரும் இதயத்தளர்ச்சியால் மருத்துவமனை புகுந்தோருமாக, முதற்பிரிவில் நூற்றுக்கு 37 பேர். மற்றதில் 38 பேர். உயிர் இருப்பதைக் காண்பது வேறு. குழலால் அதற்கு உதவுவது வேறு என்பது புலனாயிற்று. பின்னர் அவ்வாய்வின் படங்களை நுணுகி நோக்கியபொழுது, உறங்கும் தசையின் அளவைவிடத் தழும்பின் அளவே நோயாளியின் வருங்காலத்தை நன்கு உணர்த்தியது.