கடன் கொடுக்கும் கல்லூரி

வேளாண் கல்லூரிப் பிள்ளைகள் கிராமத் தங்கல் பயிற்சிக்கு நம்ம தோட்டத்துக்கு வருவாங்க. பஞ்சகவ்யம் கலக்குறதைப் பார்ப்பாங்க, குறிப்பு எடுப்பாங்க, படம் பிடிப்பாங்க. கிளம்பும்போது "அடுத்து என்னப்பா செய்யப் போறே?" என்று கேட்டால், பலரும் வங்கித் தேர்வு என்பார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பண்ண? நாலு வருஷப் படிப்பில் ஒரு மூட்டை விளைச்சலையாவது சொந்தப் பொறுப்பில் விற்றுப் பார்க்கும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கிறது?

மத்திய அமெரிக்காவில் கோஸ்டா ரிகா என்று ஒரு சின்ன நாடு. அங்கே குவாசிமோ என்ற ஊரில் 1990-ல் தொடங்கிய 'எர்த்' பல்கலைக்கழகம் இதை வேறு மாதிரி செய்கிறது. அங்கேயும் வேளாண் பட்டப்படிப்பு நாலு வருஷம்தான். ஆனால் முதல் வருஷமே மாணவர்கள் சின்னச் சின்னக் குழுவாகச் சேர்ந்து ஒரு தொழிலைத் தேர்ந்தெடுக்கணும். என்ன விளைவிப்பது, செலவு எவ்வளவு, யார் வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டினால், பல்கலைக்கழகமே பணம் தரும். இனாம் இல்லீங்க, வட்டியோடு திருப்ப வேண்டிய கடன். பயிரோ பண்டமோ உண்டாக்கி, விற்று, கடனை அடைத்து, மிச்ச லாபத்தைப் பங்கு போட்டுக்கொண்டு கணக்கை முடிப்பார்கள். பூச்சி விழும், விலை சரியும், கூட்டாளிக்குள் மனஸ்தாபம் வரும். இதையெல்லாம் எந்த வாத்தியாரும் கரும்பலகையில் நடத்த முடியாது.

பல்கலைக்கழகமும் சும்மா இல்லை. ஏற்றுமதி வாழைத் தோட்டமே அதற்குச் சொந்தமாக உண்டு. அந்தப் பக்கத்துப் பெருந்தோட்டங்களில் வாழைத்தாருக்கு மாட்டுகிற பிளாஸ்டிக் உறையில் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள். இவர்கள் அதற்குப் பதிலாகப் பூண்டு, மிளகாய்ச் சாற்றைப் பயன்படுத்தினார்கள். நம்ம இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய்க் கரைசலுக்கு ஒண்ணுவிட்ட தம்பி! சீப்பு வெட்டியபின் மிஞ்சும் தார்க்காம்பில் காகிதம் செய்தார்கள். முழு இயற்கைத் தோட்டம் என்று அதைச் சொல்லிவிட முடியாது. அந்த மழைச் சீமையில் சிகடோகா இலைப்புள்ளி நோய் லேசில் விடாது. ஆனாலும் கழிவு காசாவதைப் பிள்ளைகள் படிக்கும் இடத்திலேயே பார்க்கிறார்கள்.

அவ்வளவு பெரிய தோட்டமும் கடன் கொடுக்கப் பணமும் நம்மிடம் இல்லை. ஒரு மூட்டை நெல் இருக்கிறதே! அடுத்த முறை வரும் பிள்ளைகளுக்காகத் தூயமல்லி ஒரு மூட்டை ஒதுக்கி வைத்திருக்கிறேன். அரிசியாக்கி, பை போட்டு, அவர்களே விலை வைத்து, சந்தையில் நின்று விற்கணும். நெல்லுக்கான காசு எனக்கு, மிச்சம் அவர்களுக்கு.