கேட் இல்லாத வேலை

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பின் சங்கு சத்தத்தை வைத்துச் சோறு வடித்த வீடுகள் திருச்சியில் ஏராளம். தென்னிந்திய ரயில்வே 1928 வாக்கில் தன் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து இங்கே கொண்டுவந்தது. அதைச் சுற்றித்தான் காலனியும் சந்தையும் வளர்ந்தன. காலையில் ஆர்மரி கேட் வழியே சைக்கிள்கள் சாரைசாரையாக உள்ளே போகும். ஆளுக்கு ஒரு டிக்கெட் நம்பர் உண்டு. சாயங்காலம் வெளியே வரும்போது காவலர் சந்தேகப்பட்டால் சாப்பாட்டுப் பையைத் திறந்து காட்ட வேண்டும். அதை யாரும் அவமானமாக எடுத்துக்கொண்டதில்லை.

நீராவி இன்ஜினின் பாகத்தையோ அதன் வரைபடத்தையோ யாரும் வீட்டுக்கு எடுத்துவர மாட்டார்கள். மதில், கேட், காவல் எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு. தொழிலாளி தன் வேலையைப் பார்த்தால் போதும். அதைவிடப் பெரிய காவல் ஒன்றும் உள்ளே இருந்தது. முன்பின் தெரியாத ஒருவர் வந்து, "ஆபீஸ்ல சொன்னாங்க, அந்தச் சாவியக் குடுங்க" என்று கேட்டால், பக்கத்தில் நிற்பவரே "யாருப்பா நீ? எந்த ஷாப்பு?" என்று மடக்கிவிடுவார். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருந்தது. இன்று நாம் இழந்திருப்பது இதைத்தான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தோதாகத் தொலைத்தொடர்புத் துறை விதிகளைத் தளர்த்தியது. சென்னையிலும் பெங்களூரிலும் இருந்த பிள்ளைகள் லேப்டாப்போடு ஊர் திரும்பினார்கள். பலர் இன்னும் வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறார்கள்.

பொன்மலைப்பட்டியில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. தாத்தா ஒர்க்‌ஷாப்பில் ஓய்வு பெற்றவர், பேத்தி ஐ.டி.யில் இருக்கிறாள். கூடத்து மூலையில், மூடிவைத்த தையல் மெஷின்மேல் அலுவலக லேப்டாப். அதே வைஃபையில்தான் டிவியும் தம்பியின் கேம் ஆடும் போனும் ஓடுகின்றன. ரவுட்டரின் பின்புறம் ஒட்டி வந்த பாஸ்வேர்டை இதுவரை யாரும் மாற்றவில்லை. ஒருநாள் இரவு ஒன்பதரை மணி. வெளிநாட்டு கிளையண்ட் மீட்டிங் நடக்கும்போதே அவளுக்கு ஒரு போன். "ஐ.டி. சப்போர்ட்ல இருந்து பேசுறோம் மேடம். ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் போற உங்க வி.பி.என். இன்னிக்கோட முடியுது. மொபைலுக்கு வர்ற கோடச் சொன்னா புதுப்பிச்சிரலாம்." குக்கர் விசில் அடிக்கிறது, மீட்டிங்கில் அவள் பெயரைக் கூப்பிடுகிறார்கள். அவள் கோடைச் சொல்லவில்லை, நல்லகாலம். ஆனால், "இப்படி ஒரு கால் வந்தது, உண்மையா?" என்று மேலாளருக்கு அனுப்பிய கேள்விக்குப் பதில் மறுநாள் காலையில்தான் வந்தது.

உலகத்தையே அதிரவைத்த ஒரு திருட்டும் இதே மாதிரி போன் காலில்தான் தொடங்கியது. 2020 ஜூலையில், ட்விட்டர் ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை செய்த நேரம். திருடர்கள் அவர்களை அழைத்து, ஐ.டி. துறையிலிருந்து பேசுவதாகச் சொல்லி, வி.பி.என். கோளாறைச் சரிசெய்வதாகப் போலிப் பக்கத்துக்குக் கூட்டிப்போய்ப் பாஸ்வேர்டைக் கறந்தார்கள். ஒபாமா, பில் கேட்ஸ் உட்படச் சுமார் 130 கணக்குகள் குறிவைக்கப்பட்டன. இதன் சூத்திரதாரி 17 வயதுப் பையன். வீட்டிலிருந்து வேலை செய்யும்போது வந்த வி.பி.என். கோளாறுகளில் ஊழியர்கள் தவித்துக்கொண்டிருந்ததுதான் அவனுக்குக் கிடைத்த வழி.

2022-இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் நடந்தது இன்னும் வயிற்றைக் கலக்குவது. மற்றவர்களின் பாஸ்வேர்டுகளைப் பூட்டிவைப்பதே அதன் தொழில். அங்கே முக்கியமான சாவிகளைத் தொடக்கூடியவர்கள் நான்கே பொறியாளர்கள். அவர்களில் ஒருவரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த ஒரு மீடியா மென்பொருளின் ஓட்டை வழியே நுழைந்து, அவர் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவுசெய்து, பாஸ்வேர்டை எடுத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் காட்டி, "ஊழியர்தான் ஓட்டை" என்று பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மதிலையும் கேட்டையும் காவலரையும் எடுத்துவிட்டு, அந்தப் பொறுப்பு அத்தனையையும் தையல் மெஷின் முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் தலையில் வைத்தது யார்? அரை மணி நேர வீடியோவைப் பார்க்கச் சொல்லி, பத்துக் கேள்விக்கு டிக் போட வைத்தால் கடமை முடிந்துவிடுமா? களைத்துப்போன மனிதர், அவசரம் காட்டும் குரலுக்குப் பணியத்தான் செய்வார். அவர் படித்தவரா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

பயம் என்று ஒன்றும் இருக்கிறது. தப்பான லிங்கைத் தொட்டுவிட்டவர், வேலை போய்விடும் என்று நடுங்கி இரண்டு நாள் வாய் திறக்காமல் இருந்தால் திருடனுக்குக் கொண்டாட்டம். இணையத் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அறிக்கை தர வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் உத்தரவிட்டது. ஊழியர் சொன்னால்தானே நிறுவனத்துக்கே தெரியும்!

நிறுவனங்கள் செய்ய வேண்டியது இதுதான்: இரவு எந்நேரமும் ஒரு மனிதர் எடுத்துப் பேசும் எண்ணை ஊழியருக்குக் கொடுங்கள். தவறை உடனே சொன்னவரைத் தண்டிக்காதீர்கள். கோடைக் கேட்டு வாங்கி ஏமாற்ற இடமில்லாத பாதுகாப்புச் சாவிக்குச் செலவழியுங்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐ.டி. சப்போர்ட் என்று யார் கூப்பிட்டாலும் போனை வைத்துவிட்டு, அலுவலகம் கொடுத்த எண்ணுக்கு நீங்களே திருப்பி அழையுங்கள். மொபைலுக்கு வரும் கோடை யாரிடமும் சொல்லாதீர்கள். கை தவறிவிட்டால் அன்றிரவே அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள்.