பின்னால திரும்பிப் பாருங்க, சார்!

மழைக்காலம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு பஸ் ஸ்டாப்பில் நிற்கிறீர்கள். தேங்கிய தண்ணீரில் ஒரு லாரி 'சர்ர்ர்'ரென்று பாய்ந்து போகிறது. அதற்குப் பிறகு உங்களைப் பார்த்தால் மேனேஜருக்கே இரக்கம் வரும். லாரி டிரைவருக்கு மட்டும் விஷயமே தெரியாது. அவர் அடுத்த சிக்னலைத் தாண்டியிருப்பார்.

ஆற்றில் படகு விடுவதிலும் இதே சங்கதி உண்டு. ஆனால் அங்கே சட்டை நனைவதோடு முடிவதில்லை.

எங்கள் செக்‌ஷன் பட்டாளம் ஒருமுறை ஆலப்புழைக்குப் போய் ஹவுஸ்போட் எடுத்தது. படகு ஓட்டுகிறவரை அங்கே 'ஸ்ராங்க்' என்கிறார்கள். நாங்கள் ஏறினதிலிருந்து அவர் மாட்டுவண்டி வேகத்தில்தான் ஓட்டினார். எங்கள் இளவட்டங்களுக்குப் பொறுக்குமா?

"சேட்டா, கொஞ்சம் மிதிங்க. சைக்கிளே நம்மளை ஓவர்டேக் பண்ணுது!"

"மிதிக்காம் சாரே. முதல்ல பின்னால திரும்பி நோக்குங்க" என்றார் அவர்.

திரும்பினோம். படகின் பின்னால் விசிறி மாதிரி இரண்டு அலைக்கோடுகள் விரிந்துகொண்டே போய்க் கரையைத் தொட்டன. (இந்த விசிறிக்கு ஆழமான தண்ணீரில் கோணம் சுமார் 39 டிகிரி என்று 1887-லேயே கெல்வின் பிரபு கணக்குப் போட்டிருக்கிறார். வாத்து நீந்தினாலும் அதே கோணம், கப்பல் போனாலும் அதே கோணம்!) கோணம் ஒன்றாக இருக்கலாம், உயரம் ஒன்றல்ல. வேகம் கூடினால் அலை உயரும். அலையின் உயரம் இரண்டு மடங்கானால் அது கரையை அறைகிற சக்தி நாலு மடங்காகும்.

அந்தக் கரை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் ஸ்ராங்கின் கவலை புரியும். குட்டநாட்டில் தண்ணீர் மேலே, வயல் கீழே. கடல் மட்டத்தைவிட ஒன்று, இரண்டு மீட்டர் பள்ளத்தில் நெல் விளைகிறது. ஐ.நா.வின் உணவு, விவசாய அமைப்பு 2013-ல் பாரம்பரியச் சிறப்பு என்று அங்கீகரித்த விவசாயம் இது. ஆற்றுக்கும் வயலுக்கும் நடுவே இருப்பது ஒரு கரைதான். பல இடங்களில் அது வெறும் மண். அலைகள் நாள் முழுக்க அதன் அடியைக் கொறிக்கின்றன. வெள்ளம் வரும்போது பலவீனமான இடத்தில் உடைத்துக்கொண்டால், அந்த வருஷத்து நெல்லுக்குக் கும்பிடு போட வேண்டியதுதான். 'மட வீழ்ச்ச' என்று அதற்கு அந்த ஊரில் பெயரே இருக்கிறது.

அவர் சொல்லி முடிக்கவில்லை, ஒரு ஸ்பீட் போட் எங்களைத் தாண்டிப் பறந்தது. உள்ளே நாலு பேர், விசில், கூச்சல். எதிரே ஒருவர் சின்ன வள்ளத்தில் புல்லுக்கட்டு ஏற்றி வந்துகொண்டிருந்தார். வள்ளத்தின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நாலு விரல்கடைதான் இடைவெளி. அவர் துடுப்பை ஊன்றி, வள்ளத்தின் மூக்கை அலைக்கு நேராகத் திருப்பி எப்படியோ சமாளித்துவிட்டார். படித்துறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பாட்டிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. முதலில் படியில் தண்ணீர் சட்டென்று இறங்கியது. அவர் நிமிர்வதற்குள் திரும்ப ஏறி, இடுப்புவரை நனைத்து, ஒரு குண்டானையும் இழுத்துக்கொண்டு போயிற்று. பாட்டி மலையாளத்தில் ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

எங்கள் படகில் விசில் அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

வேகத்தைக் குறைப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வள்ளத்துக்குப் பக்கத்தில் வந்தபிறகு இன்ஜினை அடக்கினால் பிரயோஜனம் இல்லை. பின்னால் வந்த அலை படகை முந்திக்கொண்டு போய் வள்ளத்தைத் தூக்கும். நூறு அடிக்கு முன்பிருந்தே மெதுவாக இறக்கிக்கொண்டு வரவேண்டும். எங்கள் ஸ்ராங்க் அப்படித்தான் செய்தார். அவர் தாண்டும்போது வள்ளக்காரர்கள் கை தூக்கினார்கள், இவரும் தூக்கினார். நம்ம ஊர் ரோட்டில் கை தூக்கினால் அர்த்தம் வேறு!

லண்டனிலும் இதே கதைதான். தேம்ஸ் நதியில் டெடிங்டனுக்கு மேற்கே மணிக்கு 8 கிலோமீட்டர்தான் வரம்பு, அதாவது வேகநடை. 'அவசர வேலை இருக்கே' என்பவர்களுக்குப் படகின் வடிவத்தில் விடை கிடைக்கிறது. அகலமான ஒற்றை அடிப்பகுதிக்குப் பதிலாக ஒல்லியான இரண்டைச் சேர்த்துக் கட்டினால் அலை குறையும். வைக்கத்திலிருந்து தவணக்கடவுக்கு 2017-ல் ஓட ஆரம்பித்த சூரியசக்திப் படகு 'ஆதித்யா' அந்த ரகம். 2023-ல் வந்த கொச்சி வாட்டர் மெட்ரோவும் அப்படியே. ஹவுஸ்போட்டோ கல்யாணச் சத்திரத்தை மிதக்கவிட்ட மாதிரி. அதை விரட்டினால் டீசல்தான் கரையும்.

சாயங்காலம் ஐந்தரைக்கு ஸ்ராங்க் படகை ஒரு தென்னை மரத்தில் கட்டிவிட்டார். எங்கள் கேஷியர் பதறிப்போனார். "இவ்வளவு ரூபாய் வாங்கிட்டு பார்க்கிங்கா?"

ராத்திரி அங்கே மீனவர்கள் வலை விரிப்பார்களாம். ஹவுஸ்போட் நகரக்கூடாது என்று விதி. இருட்டினதும் வள்ளங்கள் ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் வந்தன. அதில் ஒன்று எங்கள் பக்கம் ஒதுங்கியது. கரிமீன். பேரம் பேசினது கேஷியர்தான். இரண்டு நிமிஷத்தில் தோற்றார்.