மோட்டார் வண்டியிற் காற்றொழுக்கு

இலக்கணம் கற்பிக்கும் எமக்கு இயந்திரத்தோடு யாது உறவு என நண்பர்கள் வினவலாம். எம் தந்தையார் விட்டுச் சென்ற பழைய மொறிஸ் மைனர் வண்டியே எம்மை இத்துறைக்கு இழுத்தது. சந்திகளில் நிற்குந்தோறும் அது நடுங்கி அணையும்; விரைந்து செல்லுங்கால் குற்றம் யாதுந் தோன்றாது. பழுதுபார்ப்போர் ஒருவர் பிளக்குகளை மாற்றினார். பின்னர் பற்றரியையும் மாற்றினார். பணங் கரைந்ததேயன்றி நடுக்கந் தீர்ந்திலது.

முன்னாளில் எம்மிடம் குற்றியலுகரத்திற் கோட்டைவிட்ட மாணவர் ஒருவரே இறுதியில் எமக்கு ஆசிரியரானார். அவர் விளக்கியது இது. முசலம் கீழிறங்கும்போது உள்ளே அமுக்கங் குறைகின்றது. அக்குறைவே காபரேற்றர் வழியாகக் காற்றை இழுக்கின்றது. நிறையளவில் ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். காபரேற்றருக்கு அப்பால் வெடிப்பொன்று இருப்பின், அளவிற்படாத காற்று அவ்வழியே புகும், கலவை மெலியும். வண்டி நிற்கும்போது இயந்திரம் உட்கொள்ளுங் காற்றுச் சிறிது. ஆதலால் சிறு ஒழுக்கும் பெரும் பங்காகின்றது. விரைவில் அது பெருங்காற்றோடு கலந்து மறைகின்றது. எனினும், மெலிந்த கலவை நெடுநாள் எரியின் வால்வுகள் கருகும்.

இயந்திரம் ஓடுகையில், சிறு றப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து, மறு நுனியை இணைப்புகள்தோறும் கொண்டுசெல்க. விசிறியிடம் விழிப்பு வேண்டும். அரை மாத்திரையளவேயான சீறொலிக்குச் செவி கொடுத்தல் வேண்டும். (இவ்விடத்தில் மாணவர் எம்மைப் பார்த்து நகைத்தார்.) ஐயமுள்ள இணைப்பில் நீரைத் துளித்தால், ஓட்டம் மாறும் இடமே ஒழுக்குள்ள இடம். சிலர் பெற்றோலைத் தெளிப்பர். சூடான இயந்திரத்தில் அது தீயை அழைப்பதாகும். வெற்றிடமானியும் உதவும்: நல்ல இயந்திரம் நின்றோடும்போது முள் 17 முதல் 21 பாதரச அங்குலம் வரை அசையாது நிற்கும். ஆயினும் பொறி பிந்தினும் முள் தாழும். அதனை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறலாகாது.

எம் வண்டியிற் காபரேற்றர் பொருந்துமிடத்துக் காஸ்கற் கீறியிருந்தது. ஒரு பிளக்கின் விலையும் அது பெறாது!

இக்காலத்து வண்டிகள் பலவற்றிற் பெற்றோல் ஆவியைக் கரிக்கலமொன்றிற் பிடித்துப் பின்னர் இயந்திரத்துக்கு ஊட்டுவர். அமெரிக்க விதிக்கமைந்தவை 0.5 மில்லிமீற்றர் துளையையுந் தாமே கண்டு விளக்கேற்றும். அவ்விளக்கு எரியின், முதலிற் பெற்றோல் தாங்கியின் மூடியையும் அதன் றப்பர் வளையத்தையும் பார்க்க.

பிறேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிடக் குழாயின் ஒழுக்கோ உயிரோடு விளையாடுவது. இயந்திரத்தை நிறுத்தி, மிதியைப் பலமுறை அமுக்கி, அமுக்கியபடியே இயக்குக. மிதி சிறிது தாழ்தல் வேண்டும். தாழாவிடின் அவ்வண்டியைத் தெருவில் இறக்கற்க.