கைக்கணினித் திரைப் பின்னணிப் படம்

கைக்கணினித் திரைப் பின்னணிப் படம் என்பது, பேச்சு வழக்கில் டேப்லட் என்று அழைக்கப்படும் கைக்கணினியின் முகப்புத் திரையிலும் பூட்டுத் திரையிலும், செயலிகளின் படவுருக்களுக்குப் பின்புறமாகத் தோன்றும் படிமம் ஆகும். இது வால்பேப்பர் என்றும் வழங்கப்படுகின்றது. பயனர் தாம் எடுத்த ஒளிப்படத்தையே பின்னணியாக அமைத்துக்கொள்ள முடியும். ஆனால் ஒளிப்படத்தின் நீள அகலமும் திரையின் நீள அகலமும் பெரும்பாலும் ஒத்திருப்பதில்லை. இதனால் படிமத்தின் ஒரு பகுதி வெட்டுப்படுவதோ, உருவங்கள் சிதைவதோ, ஓரங்களில் வெற்றிடம் தோன்றுவதோ நிகழ்கின்றது. இவற்றில் எது நிகழும் என்பதை எளிய கணக்கு ஒன்றின் மூலம் முன்னரே அறியலாம்.

வரலாறு

1981 இல் வெளிவந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினியின் திரைப் பின்னணி, சாம்பல் நிறக் கோலம் ஒன்றாக இருந்தது. முழு ஒளிப்படங்களைப் பின்னணியாக இடும் வழக்கம் பின்னர் பரவியது. 2001 இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்தின் பச்சைக் குன்றும் நீலவானமும் கொண்ட படிமம் இவ்வகையில் மிகவும் அறியப்பட்டது. அதனைச் சார்லஸ் ஓ'ரியர் என்பவர் 1996 இல் கலிபோர்னியாவில் எடுத்தார். அக்காலக் கணினித் திரைகளிற் பெரும்பாலானவை 4:3 என்ற ஒரே விகிதத்தில் அமைந்திருந்தமையால், படிமத்தைப் பொருத்துவது பெரிய சிக்கலாக இருக்கவில்லை. அகலத்திரைகளும், கையில் எப்பக்கமும் திருப்பிப் பிடிக்கக்கூடிய கைக்கணினிகளும் வந்த பின்னரே இச்சிக்கல் பெரிதானது.

படவணுவும் உருவ விகிதமும்

திரையும் படிமமும் பிக்சல் எனப்படும் படவணுக்களால் ஆனவை. கிடையாகவும் செங்குத்தாகவும் உள்ள படவணுக்களின் எண்ணிக்கை பிரிதிறன் எனப்படும். அகலத்துக்கும் உயரத்துக்கும் இடையிலுள்ள விகிதம் உருவ விகிதம் ஆகும். சில கைக்கணினிகளின் அளவுகள் வருமாறு:

- முதலாவது ஐபேட் (2010): 1024 × 768, விகிதம் 4:3
- ஆகாஷ் (2011): 800 × 480, விகிதம் 5:3
- நெக்சஸ் 7 (2012): 1280 × 800, விகிதம் 16:10
- மூன்றாம் தலைமுறை ஐபேட் (2012): 2048 × 1536, விகிதம் 4:3

இவற்றுள் ஆகாஷ், இந்திய மாணவர்களுக்குக் குறைந்த விலையில் வழங்கும் நோக்குடன் 2011 அக்டோபர் 5 அன்று புது தில்லியில் அறிமுகப்படுத்தப்பட்டது. ஆகாஷ், நெக்சஸ் 7 ஆகிய இரண்டின் திரைகளும் 7 அங்குலமே. எனினும் முன்னதில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 133 படவணுக்களும், பின்னதில் ஏறத்தாழ 216 படவணுக்களும் உள்ளன. ஆகவே, அங்குல அளவை மட்டும் கொண்டு படிமத்தின் தேவையான அளவைத் தீர்மானிக்க இயலாது.

பொருத்தும் முறைகள்

இயங்குதளங்கள் படிமத்தைத் திரையில் இடுவதற்குப் பொதுவாகப் பின்வரும் முறைகளைக் கையாளுகின்றன.

- நிரப்புதல்: திரை முழுவதும் மூடப்படும் வரை படிமம் விகிதம் மாறாமல் அளவு மாற்றப்படும். திரைக்கு வெளியே செல்லும் பகுதி வெட்டப்படும்.
- அடக்குதல்: படிமம் முழுவதும் திரைக்குள் அடங்குமாறு அளவு மாற்றப்படும். எஞ்சிய இடம் வெறுமையாக இருக்கும்.
- நீட்டுதல்: அகலமும் உயரமும் தனித்தனியே திரைக்கு ஏற்ப மாற்றப்படும். வெட்டோ வெற்றிடமோ இராது. ஆனால் உருவங்கள் சிதையும்.
- நடுவில் இடுதல்: அளவை மாற்றாமல் படிமம் திரையின் நடுவில் வைக்கப்படும்.
- அடுக்குதல்: சிறு படிமம் தரையோடு பதித்தாற்போல் மீண்டும் மீண்டும் இடப்படும்.

கைக்கணினிகளில் பெரும்பாலும் நிரப்புதல் முறையே இயல்பாக அமைந்திருக்கும்.

எடுத்துக்காட்டு: ஆழ்வார்திருநகரி

தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணி ஆற்றங்கரையில் அமைந்துள்ள ஆழ்வார்திருநகரி, திருக்குருகூர் என்ற பழம்பெயர் கொண்டது. நம்மாழ்வார் பிறந்த ஊர் இது. நவதிருப்பதிகளுள் ஒன்றான ஆதிநாதப் பெருமாள் கோயில் இங்குள்ளது. 2022 டிசம்பரில் தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைப்பேசி கொண்டு செல்வதைத் தடை செய்யுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. எனவே இக்கோயிலின் கோபுரத்தை வெளியே நின்று எடுப்பதாகக் கொள்வோம்.

கோபுரம் உயரமானது என்பதால் கைப்பேசியை நெடுக்குவாக்கில் பிடித்து 3000 × 4000 படவணு அளவில் படம் எடுக்கப்படுகின்றது. அதனை 1280 × 800 அளவுள்ள கைக்கணினியில் கிடைவாக்கில் இடும்போது நிகழ்வன:

- நிரப்புதல் முறையில் படிமம் 1280 × 1707 ஆக மாறும். திரையின் உயரம் 800 மட்டுமே என்பதால் 907 வரிகள் வெட்டுப்படும். மேலிருந்து ஏறத்தாழ 453, கீழிருந்து ஏறத்தாழ 453 என்று வெட்டப்படுவதால், மேலேயுள்ள கலசங்களும் கீழேயுள்ள வாயிலும் மறைந்து நடுப்பகுதி மட்டுமே எஞ்சும். படிமத்தின் 53 விழுக்காடு இழக்கப்படுகின்றது.
- அடக்குதல் முறையில் படிமம் 600 × 800 ஆகும். இருபுறமும் 340 படவணு அகலத்துக்கு வெற்றிடம் தோன்றும்.
- நீட்டுதல் முறையில் கோபுரம் தன் இயல்பான அகலத்தைப் போல் இரு மடங்குக்கும் மேலாக அகன்று தோன்றும்.

மாறாக, தாமிரபரணியைக் கிடைவாக்கில் 4000 × 3000 அளவில் எடுத்திருந்தால், அதே திரையில் நிரப்பும்போது 1280 × 960 ஆக மாறி, 160 வரிகள் மட்டுமே வெட்டுப்படும். அதாவது ஆறில் ஒரு பங்கே இழப்பாகும்.

திரையைத் திருப்புதல்

கைக்கணினியை நெடுக்குவாக்கில் திருப்பினால் நிலைமை தலைகீழாகும். திரை 800 × 1280 ஆவதால் கோபுரப் படத்தில் ஆறில் ஒரு பங்கும், ஆற்றுப் படத்தில் பாதிக்கு மேலும் வெட்டுப்படும்.

இரு நிலைகளுக்கும் ஒரே படிமம் வேண்டுமெனில், திரையின் நீண்ட பக்கத்துக்குச் சமமான பக்கமுள்ள சதுரப் படிமத்தைத் தயாரிப்பது வழக்கம். மேற்கண்ட கைக்கணினிக்கு இது 1280 × 1280 ஆகும். இதன் நடுவிலுள்ள 800 × 800 பகுதி இரு நிலைகளிலும் வெட்டுப்படாமல் தெரியும். இதனைப் பாதுகாப்பான பகுதி எனலாம். அது சதுரத்தின் மொத்தப் பரப்பில் 39 விழுக்காடே. ஆகவே கோபுரம் முழுவதும் எப்போதும் தெரிய வேண்டுமெனில், அதன் உயரம் சதுரப் படிமத்தின் உயரத்தில் எட்டில் ஐந்து பங்கைத் தாண்டக்கூடாது. படம் எடுக்கும்போதே சற்றுப் பின்னால் நின்று, மேலும் கீழும் பக்கங்களிலும் இடம் விட்டு எடுத்தல் இதற்கு எளிய வழியாகும். பின்னர் வெட்டிக்கொள்ள முடியும். எடுக்காத வானத்தைப் பின்னர் சேர்ப்பது கடினம்.

பிரிதிறனும் நினைவகமும்

சிறிய படிமத்தைப் பெரிய திரைக்கு விரித்தால் புதிய விவரம் எதுவும் தோன்றாது. 640 × 480 அளவுள்ள படிமத்தை 2048 × 1536 திரையில் நிரப்பினால், மூலத்தின் ஒவ்வொரு படவணுவும் ஏறத்தாழப் பத்துப் படவணுக்களின் இடத்தை நிரப்ப வேண்டியிருக்கும். இதனால் படிமம் மங்கலாகத் தெரியும்.

தேவைக்கு மிகுந்த பெரிய படிமமும் சிக்கல் தரக்கூடியது. ஜேபெக் கோப்பு வட்டில் சிறிதாக இருப்பினும், திரையில் காட்டுவதற்காக விரிக்கப்படும்போது ஒவ்வொரு படவணுவுக்கும் பொதுவாக 4 பைட்டுகள் தேவைப்படும். அவ்வாறெனில் 4000 × 3000 படிமம் 48 மெகாபைட்டு நினைவகத்தைப் பிடிக்கும். 800 × 480 படிமத்துக்கு ஏறத்தாழ 1.5 மெகாபைட்டே போதும். முதலாவது ஆகாஷ் கைக்கணினியின் மொத்த நினைவகம் 256 மெகாபைட்டு என்பதை நோக்க, விலை குறைந்த கருவிகளில் இவ்வேறுபாடு எத்துணை முக்கியமானது என்பது புலனாகும். இயங்குதளங்கள் பெரிய படிமத்தைச் சுருக்கி ஏற்றும் வசதியைக் கொண்டுள்ளன எனினும், முன்னரே சரியான அளவில் தயாரிப்பது நன்று.

படிமத்தைத் தயாரித்தல்

கட்டற்ற மென்பொருளான கிம்ப் போன்றவற்றைக் கொண்டு பின்வரும் வரிசையில் படிமத்தைத் தயாரிக்கலாம்.

1. கருவியின் அமைப்புகளில் இருந்தோ விவரத்தாளில் இருந்தோ திரையின் பிரிதிறனை அறிதல்.
2. மூலக் கோப்பின் படி ஒன்றை எடுத்து, அதில் மட்டும் வேலை செய்தல்.
3. வெட்டும் கருவியில் உருவ விகிதத்தை நிலைநிறுத்தி, வேண்டிய பகுதியை வெட்டுதல்.
4. வெட்டிய பின்னரே திரையின் அளவுக்குச் சுருக்குதல்.
5. புதிய பெயரில் ஒரே முறை சேமித்தல். ஜேபெக் வடிவில் மீண்டும் மீண்டும் மாற்றிச் சேமிக்கும்போது தரம் குறைந்துகொண்டே வரும்.

படவுருக்களும் அவற்றின் பெயர்களும் படிமத்தின் மீது தோன்றும் என்பதையும் கருத வேண்டும். சிற்பங்கள் நெருக்கமாக உள்ள கோபுரத்தின் மீது எழுத்துகளைப் படிப்பது கடினம். வானம், நீர்ப்பரப்பு ஆகியவற்றின் மீது எளிது. சில இயங்குதளங்கள் கருவியின் அசைவுக்கேற்பப் பின்னணியைச் சற்று நகர்த்துகின்றன. ஐஓஎஸ் 7 இல் (2013) இவ்வசதி வந்தது. இத்தகைய கருவிகளில் படிமம் திரையைவிடச் சற்றுப் பெரிதாக இருத்தல் வேண்டும். முக்கியமான உருவங்களை ஓரத்தில் வைத்தலாகாது.

உரிமம்

பிறர் எடுத்த ஒளிப்படத்தைப் பயன்படுத்தும்போது அதன் உரிமத்தை அறிந்துகொள்ள வேண்டும். விக்கிமீடியா பொதுவகத்தில் உள்ள பல படிமங்கள் படைப்பாக்கப் பொதுமங்களின் உரிமங்களின் கீழ் கிடைக்கின்றன. அவற்றுட் பல, எடுத்தவரின் பெயரைக் குறிப்பிடுமாறும், மாற்றியமைத்த படிமத்தை அதே உரிமத்தில் பகிருமாறும் கோருகின்றன. தம் கைக்கணினியில் மட்டும் இட்டுக்கொள்பவருக்கு இது பெரிய கடமையாக அமைவதில்லை. ஆனால் பல்வேறு திரைகளுக்கு ஏற்ப வெட்டித் தொகுத்து மற்றவர்களுக்கு வழங்குவோர் இந்நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும். படிமத்தின் ஓரத்தில் எடுத்தவரின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தால், நிரப்புதல் முறையில் முதலில் வெட்டுப்படக்கூடியது அப்பெயரே. ஆகையால் அதனைப் படிமத்துடன் வரும் விவரக் குறிப்பில் எழுதுவதே முறையாகும்.