முள் குத்திய இடத்தில் ஒரு யுத்தம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டுப் பையன் பந்து பொறுக்க வேலிக்குள் நுழைந்து, கட்டை விரலில் ஒரு முள்ளோடு திரும்பி வந்தான். அவனுடைய அத்தை ஊசியை நெருப்பில் காட்டி முள்ளை எடுத்துப் போட்டாள். டாக்டரிடம் அழைத்துப் போய் டெட்டனஸ் ஊசியும் போட்டாயிற்று. விஷயம் முடிந்தது என்று இருந்தோம். முள்ளின் நுனி உள்ளேயே முறிந்து தங்கிவிட்டது அப்போது எங்களுக்குத் தெரியாது.

மறுநாள் காலை விரல் கோவைப் பழமாகச் சிவந்திருந்தது. மாலைக்குள் வீங்கிவிட்டது. தொட்டால் சுட்டது. பையன் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீடெல்லாம் அழுதபடி சுற்றினான். உடனே கூடத்தில் வைத்திய சபை கூடிவிட்டது. “முள்ளின் விஷம் ஏறுகிறதடி, பெண்ணே!” என்றாள் பக்கத்து வீட்டுப் பாட்டி. “நன்றாக அமுக்கிப் பிதுக்கிவிட்டால் சரியாய்ப் போய்விடும்” என்றார் மாடியில் குடியிருப்பவர். அவர் தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர். வைத்தியத்தில் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

மறுபடியும் டாக்டரிடம் ஓடினேன். அவர் விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அமுக்காதீர்கள், அம்மா. உள்ளே வேலை நடக்கிறது” என்றார்.

என்ன வேலை? யார் செய்கிற வேலை? கேட்டுத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. விரல் சிவந்தது, வீங்கியது, சுட்டது, வலித்தது எல்லாமே பெரும்பாலும் பையனுடைய சொந்த உடம்பின் ஏற்பாடுதானாம்! வந்த பகைவனை விரட்ட நம் வெள்ளை அணுக்களும் அவற்றின் கூட்டாளிகளும் செய்கிற ஆரவாரம் அது.

இந்த நான்கு அடையாளங்களையும் ஏறக்குறைய 2,000 வருஷங்களுக்கு முன்பே ரோமாபுரியில் ஸெல்ஸஸ் என்பவர் எழுதி வைத்திருக்கிறார். தமிழில் இதற்கு ‘அழற்சி’ என்று பெயர். அழல் என்றால் நெருப்பு. பெயர் வைத்தவருக்கு விரல் வீங்கிய அனுபவம் நிச்சயம் இருந்திருக்க வேண்டும்.

கடுகளவு ரத்தத்தை, அதாவது ஒரு கன மில்லிமீட்டரை எடுத்துக்கொண்டால், அதில் சுமார் 50 லட்சம் சிவப்பு அணுக்கள் இருக்கும். வெள்ளை அணுக்களோ 4,000 முதல் 11,000 வரைதான். ஆனால் சிறுபான்மையினர் என்று நினைத்துவிட வேண்டாம். இவற்றில் முன்னணிச் சிப்பாய்களாக இருப்பவை ‘நியூட்ரோபில்’ என்னும் வகை. நம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை அவற்றை மட்டும் தினந்தோறும் சுமார் 10,000 கோடி தயாரித்து அனுப்புகிறது.

முள்ளும் அதோடு கிருமிகளும் உள்ளே போனதும், அங்கே காவலிருக்கும் அணுக்கள் ‘ஹிஸ்டமின்’ என்ற சரக்கை அவிழ்த்து விடுகின்றன. உடனே அங்குள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் அகலமாகின்றன. ரத்தம் அதிகமாகப் பாய்வதால் சிவப்பும் சூடும் வருகின்றன. குழாய்ச் சுவர்கள் சற்றே கசிந்து நீர் வெளியேறுவதால் வீக்கம். ‘ப்ராஸ்டாகிளாண்டின்’ என்ற இன்னொரு பொருள் நரம்பைச் சீண்டி வலியை அதிகமாக்குகிறது. இந்த அமளியில் நியூட்ரோபில்கள் குழாயின் உட்சுவரைத் தொட்டு உருண்டு வந்து, வேலிக் கம்பிகளுக்கு நடுவே பூனை உடம்பைக் குறுக்கிக்கொண்டு நுழைவதுபோல் வெளியே வருகின்றன. கிருமியைக் கண்டால் அப்படியே விழுங்கிவிடுகின்றன. விழுங்கியதைக் கொல்ல அவை தயாரிக்கும் பொருள்களில் ஒன்று, நாம் துணி வெளுக்க உபயோகிக்கும் ப்ளீச்சிங் திரவத்தில் உள்ள அதே சரக்குதான். சீழ் என்று நாம் முகம் சுளிக்கிறோமே, அது பெரும்பாலும் இந்தச் சண்டையில் மாண்டுபோன நம்முடைய சிப்பாய்கள்.

இதைக் கண்டுபிடித்த கதையிலும் ஒரு முள் வருகிறது.

1882-ம் வருஷம். இத்தாலிக்குத் தெற்கே ஸிஸிலித் தீவில் மெஸ்ஸினா என்ற கடற்கரை ஊர். ருஷ்ய விஞ்ஞானி இல்யா மெச்னிகாப் அங்கே குடும்பத்தோடு வந்து தங்கியிருந்தார். ஒரு நாள் எல்லோரும் குரங்கு வித்தை பார்க்க சர்க்கஸுக்குப் போய்விட்டார்கள். அவர் மட்டும் வீட்டில் மைக்ராஸ்கோப்போடு உட்கார்ந்திருந்தார். நட்சத்திர மீனின் குஞ்சு கண்ணாடிபோல் இருக்கும். உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். அதற்குள் சில அணுக்கள் நகர்ந்துகொண்டிருப்பதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். திடீரென்று ஒரு எண்ணம்: வெளியிலிருந்து வருகிற பகைவனை எதிர்ப்பதுதான் இவற்றின் வேலையோ? வீட்டுத் தோட்டத்துக்குப் போனார். ரோஜா முட்கள் சிலவற்றை ஒடித்து வந்து, குஞ்சுகளின் மெல்லிய தோலுக்கடியில் செருகினார். அன்று இரவு அவருக்குத் தூக்கமே வரவில்லை. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தார். முட்களைச் சுற்றி அந்த அணுக்கள் கூட்டமாகச் சூழ்ந்து நின்றன!

வேடிக்கை என்னவென்றால், சீழில் வெள்ளை அணுக்கள் இருப்பதும் அவற்றுக்குள் கிருமிகள் இருப்பதும் அன்றைய டாக்டர்கள் அறிந்ததுதான். ஆனால் அவர்களில் பெரும்பாலோர், இந்த அணுக்கள் கிருமிகளைச் சுமந்து உடம்பெல்லாம் பரப்புகின்றன என்று நினைத்தார்கள். திருட்டு நடந்த வீட்டில் போலீஸ்காரரைப் பார்த்துவிட்டு அவரே திருடனுக்குக் கூட்டாளி என்று சொன்ன மாதிரிதான். மெச்னிகாப் இருபது வருஷத்துக்கு மேல் வாதாடினார். 1908-ல் ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக்கோடு அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. (தயிர் ஆயுளை வளர்க்கும் என்று ஐரோப்பாவில் பிரசாரம் செய்தவரும் இவரே. அதை நம் பாட்டிகளிடம் யாரும் பிரசாரம் செய்ய வேண்டியதில்லை.)

ஆனால் போலீஸ்காரரும் சில சமயம் தவறான ஆளைப் பிடித்துவிடுவதுண்டு. குழந்தைகளுக்கு ஒருவகைக் கிருமியால் தொண்டை வலி வருகிறது. வலி போய் இரண்டு மூன்று வாரங்கள் கழித்து, ஜுரத்தோடு முழங்காலும் கணுக்காலும் மாறி மாறி வீங்குகின்றன. இதுதான் ருமாட்டிக் ஜுரம். தொண்டைக் கிருமியை எதிர்க்க வெள்ளை அணுக்களில் ஒரு வகை தயாரித்த ஆயுதம், இருதய வால்வையும் பகைவன் என்று எண்ணித் தாக்கிவிடுகிறது. அந்த வயதில் சேதமான வால்வு, அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகிப் பிரசவ காலம் வரும்போது உயிரோடு விளையாடும். ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு ஜுரத்தோடு கடுமையான தொண்டை வலி என்றால், மிளகு கஷாயத்தோடு நிறுத்திவிடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். அந்தக் கிருமிதான் என்றால் பென்ஸிலின் காப்பாற்றிவிடும்.

இந்தச் சிப்பாய்களை அடக்கவும் மருந்து உண்டு. 1948-ல் அமெரிக்காவில், மூட்டு வாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்மணிக்கு டாக்டர் ஹெஞ்ச் என்பவர் கார்ட்டிஸோன் என்னும் ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாட்களிலேயே அவள் எழுந்து நடந்தாள். அற்புதம்தான். ஆனால் யுத்தத்தை நிறுத்தும் மருந்து, வேண்டிய யுத்தத்தையும் நிறுத்திவிடுமே! முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் தானே கேட்டு வாங்கி, மாதக் கணக்கில் விழுங்குகிற பெண்களை எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டுக் காவலைத் தாங்களே தூங்கப் பண்ணுகிறார்கள். சர்க்கரை வியாதி கட்டுக்கு மீறினாலும் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும். அதனால்தான் அவர்கள் காலில் ஒரு சிறு கொப்புளம் வந்தாலும் அலட்சியம் கூடாது.

மாடி வீட்டுக்காரர் சொன்னபடி பிதுக்கியிருந்தால்? கிருமிகளைச் சுற்றி அணுக்கள் அரும்பாடுபட்டுக் கட்டிய அரண் உடைந்து, அவை உள்ளே இன்னும் ஆழமாகப் பரவியிருக்கும். மூக்கிலும் மேல் உதட்டிலும் வரும் கட்டியைப் பிதுக்குவது அதைவிட ஆபத்து. அங்குள்ள ரத்தக் குழாய்களுக்கு மண்டைக்குள் வழி இருக்கிறது.

பாட்டி சொன்ன ஒத்தடத்தை மட்டும் டாக்டர் ஒப்புக்கொண்டார். பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் அங்கே ரத்தம் அதிகமாக வரும்; சிப்பாய்களும் அதிகமாக வருவார்கள். செவ்வாய்க்கிழமை பையனுக்கு அக்குளில் நெறி கட்டியது. நான் பயந்துவிட்டேன். அங்கேதான் வெள்ளை அணுக்களின் பாசறை ஒன்று இருக்கிறதாம். ஆள் திரட்டும்போது அது வீங்குமாம். விரலிலிருந்து கைமேல் சிவப்புக் கோடு ஓடினாலோ, குளிர் ஜுரம் வந்தாலோ உடனே அழைத்து வரச் சொல்லியிருந்தார் டாக்டர். இரவு இரண்டு முறை விளக்கைப் போட்டுக் கையைப் பார்த்தேன். கோடு ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை காலை கட்டி தானே உடைந்தது. சீழோடு முள்ளின் கறுப்பு நுனியும் வெளியே வந்து விழுந்தது. பையன் அதை ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்து, மாடி வீட்டுக்காரர் இறங்கி வரும்போதெல்லாம் திறந்து காட்டிக்கொண்டிருக்கிறான்.