பாதை அறிந்து செல்

நுழையும்முன்

எழுதிய நிரல் ஒரு கணினியில் ஓடுகிறது. மற்றொரு கணினியில் நின்றுவிடுகிறது. பிழை பல வேளைகளில் கணக்கில் இருப்பதில்லை. கோப்பைத் தேடிச் செல்லும் பாதையில் இருக்கிறது. அப்பாதையை எல்லாக் கணினிகளுக்கும் பொருந்துமாறு அமைக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

அணையும் வயலும்

பேச்சிப்பாறை அணையில் தேங்கும் நீர் கால்வாய், கிளைக்கால்வாய், குளம், மடை எனப் பல படிகளைக் கடந்தே நாஞ்சில் நாட்டு வயலை அடைகிறது. ஒரு வயலை அடையாளம் காட்ட இரு வழிகள் உண்டு. அணையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாகச் சொல்லி முடிப்பது ஒன்று. குளக்கரையில் நின்றுகொண்டு, 'இக்குளத்தின் இரண்டாம் மடையில் பாயும் வயல்' என்பது மற்றொன்று.

கணினியில் கோப்புகள் இருக்கும் இடமும் இவ்வாறே குறிக்கப்படுகிறது. தொடக்கத்திலிருந்து சொல்வது முழுப் பாதை. நடப்புக் கோப்புறையிலிருந்து சொல்வது சார்புப் பாதை. முழுப் பாதை அந்தக் கணினிக்கே உரியது. கணினி மாறினால் பயன்படாமற் போகலாம். சார்புப் பாதையோ கோப்புகளின் தொகுப்பை எங்கு எடுத்துச் சென்றாலும் உடன் வரும்.

இரண்டு சாய்கோடுகள்

1969ஆம் ஆண்டில் பெல் ஆய்வகத்தில் உருவாகத் தொடங்கிய யுனிக்ஸ், கோப்புறைப் பெயர்களைச் சாய்கோட்டால் ( / ) பிரித்தது. அதன் வழியில் வந்த லினக்ஸும் அதனையே பின்பற்றுகிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எம்எஸ்-டாஸ், 1983ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டாம் பதிப்பில்தான் கோப்புறைகளை ஏற்றது. அதற்குள் அவ்வமைப்பில் கட்டளைகளின் விருப்பத்தேர்வுகளைக் குறிக்கச் சாய்கோடு வழக்கில் வந்துவிட்டது. ஆகவே பின்சாய்கோட்டை ( \ ) பிரிப்புக்குறியாகக் கொண்டனர். அவ்வழக்கம் விண்டோஸில் இன்றும் தொடர்கிறது.

இவ்வேறுபாடு நமக்குத் தொலைவான செய்தி அன்று. 2011ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸும், சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒருங்கே இருந்தன. ஒரே பெட்டிக்குள் இரு பாதை மரபுகள் குடியிருந்தன!

ஒரு மாணவியின் தொகுப்பு

தோவாளை மாணவி ஒருத்தி, தன் ஊர் முதியவர்களிடம் வேளாண் சொற்களைக் கேட்டுப் பதிவுசெய்கிறாள் என்று கொள்வோம். விண்டோஸில் அவள் எழுதிய நிரல், ஒவ்வொரு பதிவையும் 'சொற்கள்\உழவு' என்ற பாதையில் சேமிக்கிறது. அதே நிரலைப் பள்ளியின் லினக்ஸ் கணினியில் இயக்குகிறாள். அங்கே பின்சாய்கோடு பிரிப்புக்குறி அன்று. பெயரில் இடம்பெறத்தக்க ஓர் எழுத்தே. எனவே 'சொற்கள்' என்னும் கோப்புறைக்குள் 'உழவு' சேராமல், 'சொற்கள்\உழவு' என்னும் நீண்ட பெயருடைய தனிக் கோப்பு வெளியில் உருவாகிறது. பிழைச்செய்தி எதுவும் வருவதில்லை. பின்னர்க் கோப்புறையை மட்டும் படியெடுத்தால் அப்பதிவு விடுபட்டுப் போகும். அம்முதியவரிடம் மீண்டும் கேட்க வாய்ப்பு அமையாமலும் போகலாம்.

இன்னும் ஒன்று. சி++, பைத்தான் மொழிகளில் பின்சாய்கோட்டை அடுத்து 'என்' என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்து வந்தால் அது புதிய வரியைக் குறிக்கும்; 'டி' வந்தால் தத்தல் இடைவெளியைக் குறிக்கும். நாஞ்சில், தோவாளை ஆகிய பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதுகையில் முதலில் வருவன இவ்விரண்டு எழுத்துகளே. ஆகவே பின்சாய்கோட்டுடன் அவற்றை அப்படியே நிரலில் எழுதினால் ஊர்ப்பெயரின் தலையெழுத்து மறைந்துவிடும்.

நூலகத்தின் துணை

இச்சிக்கல்களைத் தீர்க்கவே நிரல்மொழிகள் பாதைக்கெனத் தனி நூலகங்களை வழங்குகின்றன. பைத்தானில் 2014ஆம் ஆண்டு வெளிவந்த 3.4ஆம் பதிப்பில் 'பாத்லிப்' சேர்ந்தது. சி++ மொழியின் 2017ஆம் ஆண்டுத் தரநிலையில் 'ஃபைல்சிஸ்டம்' இடம்பெற்றது. இவற்றில் பாதை என்பது வெறும் எழுத்துச்சரம் அன்று. பகுதிகளை உடைய பொருள். கோப்புறை, கோப்பு ஆகியவற்றின் பெயர்களைத் தனித்தனியே தந்து இணைக்கச் சொன்னால், இயங்கும் கணினிக்கு உரிய பிரிப்புக்குறியை நூலகமே இடும். பெயரையும் பின்னொட்டையும் பிரிப்பது, மேற்கோப்புறையை அறிவது ஆகியவற்றையும் அதுவே செய்யும்.

எனினும் சில பொறுப்புகள் நம்மைச் சார்ந்தவை. ஆங்கிலப் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் லினக்ஸ் வேறுபடுத்தும். விண்டோஸ் பொதுவாக வேறுபடுத்தாது. எனவே பெயரிடுவதில் ஒரே முறையைக் கடைப்பிடித்தல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

தமிழில் பேரெழுத்து, சிற்றெழுத்து வேறுபாடு இல்லை. ஆயினும் ஒருங்குறியில் 'கோ' என்பதன் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். அதனால் 'நாகர்கோவில்' என்னும் பெயர் 11 குறியீடுகளாகவும் அமையும், 12 குறியீடுகளாகவும் அமையும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆப்பிள் கணினிகள் நெடுங்காலம் பயன்படுத்திய எச்எஃப்எஸ் பிளஸ் என்னும் கோப்பு முறைமை பிரித்தே சேமித்தது. லினக்ஸ் இவ்விரு வடிவங்களையும் பொதுவாக வெவ்வேறு பெயர்களாகக் கொள்ளும். பாதை நூலகம் இதனைத் தானாகத் திருத்துவதில்லை. பெயர்களை ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொணர்தல் நிரலரின் கடமை.

நிறைவாக

தன் கணினியில் ஓடினால் போதும் என்று எழுதுவது ஒருவருக்கு மட்டும் பயன்படும். எக்கணினிக்கும் பொருந்த எழுதுவதோ பலருக்கும் பயன்படும். கடைமடை வரை நீர் சென்றால்தான் அணைக்குப் பெருமை. எளிய கணினி வரை சென்று இயங்கினால்தான் நிரலுக்குப் பெருமை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் குளங்கள், கால்வாய்கள் பற்றிய செய்திகளைத் தொகுத்து, கோப்புறை அமைப்பாக வரைந்து காட்டுக.
2. அவற்றுள் ஒரு கோப்புக்கு முழுப் பாதையையும் சார்புப் பாதையையும் எழுதி, கணினி மாறும்போது எது நிலைக்கும் எனக் கலந்துரையாடுக.